வக்கீல் "கேஸ் ஸ்ட்ராங்" என்கிறார், நான் ஜெயிப்பேனா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். இவர் அரிசி ஆலைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை 6 வருடமாக விற்று வருகிறார். நெல் கொள்முதல், ஈரக் கழிவு, தவிடு, குருணை, உமிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. இவரிடம் வேலை பார்த்த ஒருவர் வெளியே போய் அதே மாதிரி ஒரு மென்பொருளைப் பாதி விலைக்கு விற்கிறார். திரை, மெனு வரிசை, ரிப்போர்ட் அச்சாகும் விதம் எல்லாம் ஒன்றுதான். கேட்டால் "உங்கள் கோடில் (நிரலில்) ஒரு வரிகூட எடுக்கவில்லை, எல்லாம் நானே உட்கார்ந்து எழுதினது" என்கிறாராம். வக்கீல் கேஸ் ஸ்ட்ராங் என்று சொல்லியிருக்கிறார். ஜெயிப்பேனா என்று கேட்கிறார்.

இன்றைய நிலையில் இதற்கு உறுதியான பதில் சொல்லக்கூடியவர் யாருமே இல்லை. உங்கள் வக்கீல் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. வாதாட இடம் இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் ஸ்ட்ராங் என்பார்கள். ஆனால் வாதாட இடம் எதிராளிக்கும் இருக்கும். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். இந்த மாதிரி தகராறுகளில் இரண்டு பேருடைய மூல நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது எதிலிருந்து வந்தது என்று அறிக்கை எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது. "காப்புரிமை மீறல்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகைகளில் பேட்டன்ட், காப்பிரைட் இரண்டுக்குமே அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள், அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு கண்டுபிடிப்புக்கு அரசிடம் விண்ணப்பித்து வாங்குவது பேட்டன்ட், அதாவது காப்புரிமை. நீங்கள் எழுதிய எழுத்துக்கும் வரைந்த படத்துக்கும் போட்ட நிரலுக்கும், எழுதிய நொடியிலேயே தானாக வந்துவிடுவது பதிப்புரிமை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவு கணினி நிரல், அல்காரிதம், வியாபார முறை ஆகியவற்றை அப்படியே கண்டுபிடிப்பு என்று ஏற்காது. ஆக அரிசி ஆலைக் கணக்குக்கு அந்தப் பக்கம் கதவு கிடையாது. உங்களிடம் இருப்பது பதிப்புரிமை மட்டும்தான்.

பதிப்புரிமை காப்பது நீங்கள் எழுதிய வடிவத்தை. யோசனையை அது காக்காது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் உங்கள் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள், எவ்வளவு கொட்டிப் போகிறது என்று தெரியும். ஈரம் அதிகமானால் மூட்டைக்கு எவ்வளவு கழிப்பது என்ற கணக்கு ஆலைக்காரர்களுடையது, உங்களுடையது இல்லை. கொள்முதல், அரவை, உப பொருள், விற்பனை என்ற மெனு வரிசை அந்தத் தொழில் நடக்கும் வரிசை. ரிப்போர்ட்டில் முதலில் வண்டி எண், அப்புறம் எடை, அப்புறம் கழிவு என்று வருவதும் ஆலையில் காலம் காலமாக நோட்டில் எழுதிய வழக்கம். இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் கோடு, திரையை நீங்கள் வடிவமைத்ததில் உள்ள தனித்தன்மை, உதவிக் குறிப்புகளில் நீங்கள் எழுதிய வாக்கியங்கள். 6 வருட உழைப்பில் பெரும்பகுதி ஆலை ஆலையாகப் போய் அவர்கள் தொழிலைப் புரிந்துகொண்டதுதான் என்று எனக்கும் தெரியும். சட்டம் கை வைக்காத பகுதியும் அதுதான். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம், ஆனால் வேறு மாதிரி இருந்திருந்தால் முதலில் எழுதியவரைத் தவிர வேறு யாரும் அரிசி ஆலைக்கு மென்பொருளே எழுதியிருக்க முடியாது என்பதையும் மறுக்க முடியவில்லை.

இந்த எல்லைக்கு நம் நாட்டில் எல்லோரும் காட்டும் வழக்கு ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. டெல்லியில் ஒரு நாடக ஆசிரியர், மாநில வெறியைப் பற்றி 1953-இல் ஒரு நாடகம் எழுதினார். படம் எடுப்பவர் ஒருவர் நேரில் வந்து அவர் வாயாலேயே முழு நாடகத்தையும் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் 1956-இல் அதே கருவில் ஒரு இந்திப் படம் வந்தது. இவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், கடைசியில் 1978-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை கிடையாது, இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகனுக்கு "இது அதன் காப்பிதான்" என்ற எண்ணம் தவறாமல் வருகிறதா என்பதுதான் சோதனை என்றார்கள். எதிராளி முழுக்கக் கேட்டுவிட்டுப் போனவர் என்பது மட்டும் போதவில்லை. உங்கள் ஆளும் உங்களிடம் வேலை பார்த்தவர் என்பது மட்டும் போதாது.

இதுவரை சொன்னது எல்லை இருக்கிறது என்பதைப் பற்றி. அந்த எல்லை எங்கே விழும் என்பதைத் தீர்ப்பு வரும்வரை யாராலும் சொல்ல முடியவில்லை என்பதுதான் இன்னும் பெரிய சிக்கல். இதற்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவில் ஆரக்கிளுக்கும் கூகுளுக்கும் நடந்த வழக்கு. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

ஜாவா என்ற மொழி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கியது. அதே ஆகஸ்டில் கூகுள் மேல் சான் பிரான்சிஸ்கோவில் வழக்கு. ஆண்ட்ராய்டு எழுதும்போது, ஜாவா தெரிந்த லட்சக்கணக்கான புரோகிராமர்கள் புதிதாக எதையும் கற்காமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, ஜாவாவின் 37 தொகுப்புகளில் இருந்த கட்டளைப் பெயர்களையும் அவற்றின் அமைப்பையும் கூகுள் அப்படியே வைத்துக்கொண்டது. மொத்தம் சுமார் 11,500 வரி. அந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் வேலை செய்யும் கோடை கூகுள் தானே புதிதாக எழுதிக்கொண்டது.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கு இது புரிய, நாம் தமிழ் தட்டச்சு செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளும் அதைத் தருகிறது, என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளும் தருகிறது. உள்ளே இருக்கும் கோடு அவரவர் எழுதியது. ஆனால் நம் விரல் பழகியது அந்த அமைப்புக்குத்தான், அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் விரல் தடுமாறுவதில்லை. கூகுள் எடுத்தது விரல் பழகிய அந்த அமைப்பைப் போன்றது. அது யாருடைய சொத்து, எடுத்தது தவறா? கேள்வி இவ்வளவுதான்.

2012-இல் வில்லியம் ஆல்சப் என்ற நீதிபதி விசாரித்தார். அவருக்கே புரோகிராம் எழுதத் தெரியும். ரேஞ்ச்செக் என்று 9 வரி, ஒரு எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் சின்னத் துண்டு, அது ஆண்ட்ராய்டிலும் அப்படியே இருந்தது. அதைப் பற்றி வாதம் வந்தபோது, இந்த மாதிரி துண்டை நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன் என்று வக்கீலிடம் நேராகவே சொன்னார். அந்தக் கட்டளை அமைப்புக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று தீர்ப்பு எழுதினார். கூகுளுக்கு வெற்றி. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது, பதிப்புரிமை உண்டு என்றது. ஆரக்கிளுக்கு வெற்றி. சரி, பதிப்புரிமை இருந்தாலும் கூகுள் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி இல்லாமலே எடுக்கச் சட்டம் விடும் வகையா என்று பார்ப்போம் என்று 2016-இல் மறுபடி ஜூரி உட்கார்ந்தது. நியாயமானதுதான் என்றார்கள், கூகுளுக்கு வெற்றி. 2018-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூரி சொன்னதையும் தள்ளிவிட்டது, ஆரக்கிளுக்கு வெற்றி. கடைசியில் 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுள் பக்கம் தீர்ப்பளித்தது.

நான் இங்கே உங்களை நிறுத்திக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். இந்த 11 வருடத்தில் அந்த 11,500 வரிகளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. யார் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார் என்பதில் சண்டையே இல்லை, எடுத்தோம் என்று கூகுளே ஒப்புக்கொண்டது. உண்மைகள் எல்லாம் மேசை மேல் இருந்தும், ஐந்து தீர்ப்புகளில் நான்கு முறை பக்கம் மாறியது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தரப்பிலும் உலகத்தின் விலை உயர்ந்த வக்கீல்கள் இருந்தார்கள். அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் "கேஸ் ஸ்ட்ராங்" என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது பொய்யாகவும் இருந்திருக்காது. அதற்கு மேல், உச்ச நீதிமன்றம் அடிப்படைக் கேள்வியைத் தொடவே இல்லை. பதிப்புரிமை இருப்பதாக வாதத்துக்கு வைத்துக்கொள்வோம், அப்படி வைத்தாலும் இது நியாயமான பயன்பாடு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள், அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனதே தவறு என்றார்கள். 11 வருடம் காத்திருந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று, இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியல் மென்பொருள் நிறுவனம், வேர்ல்ட் புரோகிராமிங் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. சாஸின் மூல நிரலைப் பார்க்காமலேயே, அது செய்யும் வேலையைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி செய்யும் ஒன்றை இவர்கள் எழுதியிருந்தார்கள். உங்கள் கதைதான். ஒரு மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்பதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது, இங்கிலாந்தில் சாஸ் தோற்றது. அதே இரண்டு நிறுவனங்கள், அதே மென்பொருள், அமெரிக்காவின் வட கரோலினாவில் 2015-இல் ஜூரி சாஸ் பக்கம் நின்றது. நஷ்ட ஈடு மூன்று மடங்காக்கப்பட்டு சுமார் 7 கோடியே 90 லட்சம் டாலர். ஆனால் அந்தப் பணம் பதிப்புரிமைக்காகக் கிடைக்கவில்லை. சாஸின் ஒரு பதிப்பை விலைக்கு வாங்கும்போது ஒப்புக்கொண்ட உரிம நிபந்தனைகளை மீறியதற்காகவும், உள்நோக்கத்தை மறைத்து வாங்கியதற்காகவும் கிடைத்தது. அந்தத் தீர்ப்பை இங்கே அமல்படுத்த மாட்டோம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் மறுத்துவிட்டது. பதிப்புரிமையை வைத்து டெக்சாஸில் சாஸ் போட்ட வழக்கும் தோற்று, 2023-இல் மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை. பதிப்புரிமை கை கொடுக்காத இடத்தில் ஒரு ஒப்பந்தத் தாள் கை கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருகிறேன்.

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம்மூரில் எப்படி என்று கேட்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் நடந்ததைப் பாருங்கள். அது காப்புரிமை வழக்கு. சின்ன என்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறை எங்களுடையது என்றது பஜாஜ். டிவிஎஸ்ஸின் 125 சிசி ஃபிளேம் வண்டி அப்போதுதான் சந்தைக்கு வருகிறது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். டிவிஎஸ் ஒற்றை பிளக் வைத்து வண்டியை விற்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கட்டும் ஆனால் கணக்கு வைக்கட்டும், மூல வழக்கை நவம்பர் 30-க்குள் முடியுங்கள் என்றது. இந்த மாதிரி வழக்குகளில் சண்டை முழுக்க இடைக்காலத் தடை பற்றியே நடக்கிறது, மூல வழக்கு வருடக்கணக்கில் முடிவதே இல்லை என்று அந்த உத்தரவிலேயே வருத்தப்பட்டு எழுதினார்கள். அப்படி எழுதியும், இறுதித் தீர்ப்பு இல்லாமலேயே 2019-இல் இரண்டு பேரும் சமரசம் செய்துகொண்டு முடித்தார்கள். யார் சொன்னது சரி என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. தடை இருந்த அந்த 15 மாதம் மட்டும் நிஜம், புது வண்டிக்குச் சந்தையில் அந்த 15 மாதம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

அவர்களால் தாங்க முடிந்தது. உங்களால் முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வக்கீல் ஃபீஸ் மட்டும் இல்லை, வாய்தாவுக்கு வாய்தா நீங்களே போய் நிற்கும் நாட்களையும் சேர்த்துப் போடுங்கள். அந்த நாட்களில் ஆலைக்காரர் போன் செய்தால் யார் எடுப்பார்கள்?

சரி, அப்படியானால் விட்டுவிடுவதா? இல்லை, நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். தீர்ப்பு எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத இடத்தில் பணத்தைக் கொட்டாமல், தெரிந்த இடத்தில் நில்லுங்கள் என்கிறேன்.

முதல் கேள்வி, அந்த ஆள் உங்களிடம் மாதச் சம்பளத்தில் இருந்தாரா, அல்லது இந்த வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்தாரா? இதை ரொம்பப் பேர் யோசிப்பதே இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதிய கோடுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிதான் உரிமையாளர், பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வெளி ஆளாகச் செய்து கொடுத்திருந்தால், நீங்கள் காசு கொடுத்திருந்தாலும் எழுதியவர்தான் உரிமையாளர், கையெழுத்துப் போட்டு உங்களுக்கு மாற்றித் தந்தால் தவிர. அப்படி மாற்றித் தரும் தாளில் காலம் எழுதவில்லை என்றால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். உங்கள் பழைய பதிப்பில் அவர் எழுதிய பகுதிகள் இருந்தால், வழக்கு உங்கள் பக்கமே திரும்பலாம். கோர்ட்டுக்குப் போகும் முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது, வேலையில் சேரும்போது என்ன கையெழுத்து வாங்கினீர்கள். "வெளியே போய் 3 வருடத்துக்கு இதே தொழில் செய்யக் கூடாது" என்று எழுதி வாங்கியிருந்தால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது, வேலையை விட்ட பிறகான தடைகளை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அந்த மனிதரும் பிழைக்க வேண்டுமே என்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம், கோடு இதையெல்லாம் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால் அது வேறு. சாஸ் ஜெயித்தது அந்த மாதிரி ஒரு தாளை வைத்துத்தான்.

மூன்றாவது, உண்மையிலேயே காப்பியா என்று பாருங்கள். "ஒரு வரிகூட எடுக்கவில்லை" என்பது பல சமயம் உண்மை, சில சமயம் இல்லை. ஒரு முறை ஜவுளிக்கடை மென்பொருள் இரண்டை ஒப்பிட்டேன். ஒன்று பழைய விபி-யில் எழுதியது, மற்றது சி-ஷார்ப். மொழியே வேறு, அதனால் வரிக்கு வரி பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை, இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் டேட்டாபேஸ் அட்டவணைகளைத் திறந்தேன். சரக்கு இருப்பு அட்டவணையில் குவான்டிடி என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போய் இருந்தது. முதல் மென்பொருளில் யாரோ அவசரத்தில் செய்த எழுத்துப்பிழை. அதே பிழை, அதே இடத்தில், இரண்டாவதிலும். அதற்குப் பக்கத்தில் டெம்ப்3 என்று எங்கேயும் பயன்படாத ஒரு நெடுவரிசை. அதுவும் இரண்டாவதில் இருந்தது. தேவையே இல்லாத ஒன்றை இரண்டு பேர் தனித்தனியாக யோசித்து வைக்க மாட்டார்கள். அந்த இரண்டையும் படமெடுத்து அறிக்கையில் வைத்தேன். கோர்ட்டுக்குப் போகும் முன்பே இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள்.

எல்லாச் சமயமும் அப்படி நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிட நல்ல ஆதாரம் கிடைத்த இன்னொரு விவகாரத்தில் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. காப்பி என்று தெரிந்த பிறகும் உரிமையாளர் இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறார், அவ்வளவு நாள் பொறுத்தவருக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டுவிட்டார்கள். ஆதாரம் அப்படியே கிடந்தது. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். அவருடைய மென்பொருள் எந்தத் தேதியில் யாருக்கு விற்றது என்று இன்றே குறித்து வையுங்கள், உங்கள் பழைய பதிப்புகளையும் தேதியோடு பத்திரமாக எடுத்து வையுங்கள், அவரிடம் வாட்ஸப்பில் கோபமாக எதையும் எழுதாதீர்கள்.

அப்புறம், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி, அவசரத் தடை கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரச முயற்சி செய்தாக வேண்டும், அது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 3 மாதம், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் 2 மாதம். நிறையப் பேர் இதை வெறும் சடங்காக நடத்திவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. உங்கள் நிலையில் உள்ளவருக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். எழுத்துப்பிழை மாதிரி இரண்டு ஆதாரம் கையில் இருந்தால், 5 மாதத்துக்குள் "இந்தத் திரைகளை மாற்றுகிறேன், உங்கள் பழைய வாடிக்கையாளரிடம் போக மாட்டேன்" என்ற அளவுக்காவது எழுதி வாங்கிவிடலாம். தீர்ப்பில் இதைவிட அதிகமும் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

ஆகவே வக்கீலை மறுபடி பார்க்கும்போது ஜெயிப்போமா என்று கேட்காதீர்கள். இடைக்காலத் தடை கிடைக்காவிட்டால் என்ன செய்வோம், கிடைத்து மேல்முறையீட்டில் போய்விட்டால் என்ன செய்வோம், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு செலவு என்று கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள். அதற்கு முன்னால் அந்தப் பையன் சேர்ந்தபோது போட்ட ஆர்டரையும் சம்பளச் சீட்டுகளையும் தேடி எடுங்கள். அவர் சம்பள ஆளா வெளி ஆளா என்று மட்டும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.